கப்பல் ஆடும்போது பங்கில் (கேபின் படுக்கையில்) உருளாமல் தூங்க வழி உண்டா?

புதுக்கேடட்:
பல்க் கேரியரில் (சரக்கை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் கப்பலில்) டெக் கேடட், அதாவது பயிற்சி அதிகாரி. சரக்கை இறக்கிவிட்டு பேலஸ்டில் (சரக்கில்லாமல், எடைக்காகத் தொட்டிகளில் கடல்நீர் நிரப்பி) போய்க்கொண்டிருக்கிறோம். பக்கவாட்டு அலை வந்துவிட்டால் ரோலிங் தாங்கவில்லை. என் பங்க் கப்பலின் நீளவாக்கில் இருக்கிறது. விளிம்பைப் பிடித்தபடியே படுத்திருக்கிறேன், எழுந்தால் தோள் வலி. பெட்ஷீட்டால் என்னைக் கட்டிக்கொண்டு படுக்கலாமா?

ஓய்வுபெற்ற சீஃப் மேட்:
தம்பி, கட்டிக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம். ஜெனரல் அலாரம் அடித்தால் இருட்டில் முடிச்சைத் தேடிக்கொண்டிருப்பாய். உருள இடமில்லாமல் செய்துவிட்டால் போதும்.

மெத்தையின் வெளி விளிம்பைத் தூக்கி, அடியில் லைஃப் ஜாக்கெட்டைச் செருகு. மெத்தை பல்க்ஹெட் (கேபின் சுவர்) பக்கம் சரிந்து ஒரு பள்ளம் கிடைக்கும். அதில் முதுகை பல்க்ஹெட்டோடு ஒட்டி ஒருக்களித்துப் படு. மேல் காலை மடக்கி, முழங்காலைச் சரிவில் ஊன்றிக்கொள். தலைமுறை தலைமுறையாகக் கப்பல்காரர்கள் இப்படித்தான் தூங்குகிறார்கள். ஜாக்கெட் ஒரே இழுப்பில் கைக்கு வர வேண்டும், நாடா எதிலும் சிக்கக் கூடாது. காற்றடைக்கும் வகை என்றால் அதைத் தொடாதே, கம்பளியை இறுக்கிச் சுருட்டி வை.

கேபினில் சோபா குறுக்குவாட்டில் இருக்கிறதா? இருந்தால் மோசமான இரவுகளில் அங்கே போய்ப் படு. தலையும் காலும் மாறி மாறி ஏறி இறங்கும், ஆனால் உருள மாட்டாய்.

பேலஸ்டில் ஏன் இவ்வளவு மோசம் என்பதையும் தெரிந்துகொள், பரீட்சைக்கும் உதவும். பேலஸ்டில் ஜிஎம் (சாய்ந்த கப்பல் நிமிரும் திறனைக் காட்டும் அளவு) அதிகமாகும், கப்பல் விறைப்பாகிவிடும். ஒரு முழு ஆட்டத்துக்கான நேரம் தோராயமாக 0.8 × அகலம் ÷ √ஜிஎம். 32 மீட்டர் அகலமும் 4 மீட்டர் ஜிஎம்மும் இருந்தால் சுமார் 13 விநாடி. ஜிஎம் 1 மீட்டர் என்றால் 26 விநாடி வரை போகும். விறைத்த கப்பல் வெடுக்கென்று திரும்பும், அந்த வெடுக்கில்தான் ஆள் தூக்கியடிக்கப்படுகிறான்.

அப்புறம், தூக்கமே இல்லை என்றால் வெட்கப்படாமல் உன் கப்பலின் சீஃப் மேட்டிடம் (கேப்டனுக்கு அடுத்த டெக் அதிகாரி) சொல். எம்எல்சி 2006 (கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை) படி எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு உண்டு. தாளில் 10 என்று எழுதிவிட்டு, தூங்காத பையனை ஹேட்ச் (சரக்கறை மூடி) மேல் ஏற்றுவதை என்னால் ஏற்கவே முடியாது. இடம் இருந்தால் கேப்டன் போக்கைச் சில டிகிரி மாற்றினாலே ஆட்டம் நன்றாகக் குறையும்.

பாய்மரக்காரி:
சின்னப் படகுகளில் நாங்கள் லீ கிளாத் (பங்கின் திறந்த பக்கத்தில் தடுப்பாக நிற்கும் துணி) கட்டுவோம். கான்வாஸின் கீழ் விளிம்பு மெத்தைக்கு அடியில், பங்கின் பலகையோடு பட்டி வைத்து போல்ட் போட்டிருக்கும். மேல் விளிம்பைக் கயிற்றால் கூரைக் கைப்பிடியில் கட்டுவோம். தோளிலிருந்து தொடை வரை மறைத்தால் போதும், முகத்துக்குக் காற்று வேண்டும். படுத்தபடியே ஒரு கையால் இழுத்தால் அவிழும் முடிச்சாக இருக்க வேண்டும். தலை பின்பக்கம், கால் முன்பக்கம்: படகு எதிலாவது மோதினால் கால்தான் முதலில் தாங்கும்.

புதுக்கேடட்:
அண்ணா, ஜாக்கெட் வைத்தேன், நல்ல வித்தியாசம் தெரிகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மெத்தையே வெளியே நகர்ந்துவிடுகிறது.

ஓய்வுபெற்ற சீஃப் மேட்:
மெஸ் மேசையில் தட்டு வழுக்காமல் விரிக்கும் ரப்பர் வலை இருக்குமே, சீஃப் குக்கிடம் ஒரு துண்டு கேள். மெத்தைக்கு அடியில் விரித்துவிட்டு ஜாக்கெட்டைச் செருகு. படுக்கும் முன் நாற்காலியைக் கட்டிவிடு, டிராயரைப் பூட்டு, தலைக்கு மேல் தட்டில் எதுவும் வைக்காதே.