கேரவனின் சுடுநீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம்

வணக்கம். பட்டர்வொர்த்தில் ஐந்து மாதம் நிறுத்தி வைத்திருந்த எங்கள் கேரவனை மீண்டும் பயணத்துக்குத் தயார் செய்கிறோம். சுடுநீர்க் குழாயைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசுகிறது. குளிர்நீரில் அது அறவே இல்லை.

100 லிட்டர் தொட்டியில் 100 மில்லி மணமற்ற பிளீச் கலந்து, பைபாஸ் வால்வை (சுடுநீர்க் கலனுக்குள் நீர் போகாமல் தவிர்க்க உதவும் அடைப்பான்) திருப்பி 22 லிட்டர் சுடுநீர்க் கலனுக்குள்ளும் அந்நீரைச் செலுத்தி, 12 மணி நேரம் ஊறவிட்டு, வாடை போகும்வரை மூன்று முறை அலசினோம். இரண்டே நாளில் நாற்றம் திரும்பிவிட்டது.

கலனின் உட்புறம் எனாமல் பூசிய எஃகு. எஃகுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கலனைத் துருவிலிருந்து காக்கும் மக்னீசியத் தண்டைக் கழற்றிப் பார்த்தேன்; முன்பு கட்டைவிரல் தடிமனில் இருந்த அது, வெண்பொருக்குப் படிந்து பென்சில் அளவுக்குத் தேய்ந்திருந்தது. தேங்கிய நீரில் வளரும் பாக்டீரியாவும் மக்னீசியமும் சேர்ந்தே இந்த நாற்றத்தை உண்டாக்குவதாகக் கருதுகிறேன். பிள்ளைகள் குளிக்கும் நீர் என்பதால் ஊகத்தை நம்பிப் புறப்பட மனமில்லை.

அலுமினியமும் துத்தநாகமும் கலந்த தண்டுக்கு மாற்றி, இந்த நாற்றத்தை நிரந்தரமாகப் போக்கியவர்கள் இங்கே இருக்கிறீர்களா?