ஃபேன் ஸ்பீடே காட்ட மாட்டேங்கு, அவசரம்

ஜங்ஷன்_பையன்
சென்சார்ஸ் கமாண்ட் அடிச்சா ப்ராசஸர் சூடு மட்டும் வருது, 62 டிகிரி. ஃபேன் ஒண்ணுகூட இல்ல. ஃபேன் வேகத்தை செட் பண்ற பிடபிள்யூஎம்-கான்ஃபிக் ஓட்டுனா அதுக்கான மாட்யூலே (டிரைவர் துண்டு) இல்லைங்கு. ஃபேன் ரைஸ்மில் மாதிரி கத்துது. லினக்ஸ்தான். யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

தென்காசிச்சாரல்
எந்த மதர்போர்டு, எந்த ப்ராசஸர், லினக்ஸோட மையமான கெர்னல் எந்த வெர்ஷன்? லினக்ஸ்னு மட்டும் சொன்னா எப்பிடி அண்ணாச்சி?

பணகுடிக்காத்து
டிரைவரும் இல்ல ஒண்ணும் இல்ல, தூசி. நம்ம பக்கம் ஆனி ஆடிக் காத்துல, ப்ராசஸர் சூட்டை இறக்குற ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் மண்ணு அடைச்சிரும். கழட்டி பிரஷ் போட்டுட்டு, சூடு கடத்துற பேஸ்ட் பட்டாணி அளவு வச்சு மாட்டும். சரியாப் போகும்.

ஈரடுக்குப்பாலம்
தூசி அடைச்சா ஃபேன் கத்தும். லிஸ்ட்ல ஃபேன் வரியே காணாமப் போகுமா வே? கேள்வியை முழுசா வாசிச்சிட்டு எழுதும்.

இழை போட்டவருக்கு: ப்ராசஸர் சூடு கே10டெம்ப் டிரைவர் வழியா ப்ராசஸருக்குள்ள இருந்தே வருது. ஃபேனும் வோல்டேஜும் போர்டுல இருக்க சூப்பர் ஐஓ சிப்புல இருந்து வரணும். அதுக்கு வேற டிரைவர். அந்தச் சிப்பு எதுன்னு தேடுற சென்சார்ஸ்-டிடெக்ட் ஓட்டுனீரா இல்லையா? இதையே மாசத்துக்கு ஒருக்க எழுத வேண்டியிருக்கு.

ஜங்ஷன்_பையன்
ஓட்டுனேன். தெரியாத சிப், ஐடி 0எக்ஸ்8686ன்னு வந்துச்சு. உபுண்டு 22.04, ரைசன் 2700எக்ஸ், பி450 போர்டு. போர்டு கம்பெனி பேரும் வேணுமா?

தென்காசிச்சாரல்
வேண்டாம், சிப்தான் முக்கியம். அது ஐடிஇ கம்பெனியோட ஐடி8686இ. அப்புறம் அந்த 62 டிசிடிஎல் வரியா (ஃபேன் கண்ட்ரோலுக்குன்னு காட்டுற சூடு)? 2700எக்ஸ்ல டிசிடிஎல் 10 டிகிரி கூட்டித்தான் காட்டும். நிஜச் சூடான டிடை வரியப் பாரும், 52 இருக்கும்.

அம்பைலினக்ஸ்
க்ரப்ல (பூட் ஆகும்போது கெர்னலை ஏத்துறது) ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்சஸ்க்கு லாக்ஸ்னு (கெடுபிடியைத் தளர்த்துன்னு) குடுத்து ரீபூட் பண்ணும். எல்லா போர்டுக்கும் இதுதான் மருந்து.

ஈரடுக்குப்பாலம்
எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரையா? முதல்ல ஐடிஇ சிப்புக்கான ஐடி87 மாட்யூலை மோட்ப்ரோப் பண்ணி, அதாவது ஏத்தி, என்ன எரர் வருதுன்னு பாக்கணும். "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி"ன்னு வந்தா ஏசிபிஐ தகராறு, அதாவது பயாஸோட கோடும் அதே சிப்பைப் பிடிச்சிருக்கு, அதுக்குத்தான் லாக்ஸ். "நோ சச் டிவைஸ்"னு வந்தா டிரைவருக்கு அந்த சிப்பே தெரியலைன்னு அர்த்தம். அங்க லாக்ஸ் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல.

அம்பைலினக்ஸ்
லாக்ஸ் போட்டு எந்த மெஷினும் எரிஞ்சு போகல. சும்மா பயமுறுத்தாதீரும்.

ஈரடுக்குப்பாலம்
எரியும்னு யாரு சொன்னா? சிப்போட பேஸ் அட்ரஸ் 0எக்ஸ்ஏ40ன்னா, எந்த ரெஜிஸ்டர் (சிப்புக்குள்ள மதிப்பு இருக்க இடம்) வேணும்னு ஏ45ல எழுதி, மதிப்பை ஏ46ல வாங்கணும். ரெண்டு படி. டிரைவர் முதல் படியை முடிச்ச நேரத்துல பயாஸோட ஏசிபிஐ கோடும் உள்ள புகுந்து ஏ45ஐ மாத்திருச்சுன்னா, டிரைவர் வேற ரெஜிஸ்டரை வாசிக்கும். எழுதுற நேரமா இருந்தா வேற ரெஜிஸ்டர்ல போய் எழுதும். ஃபேன் நின்னாலும் நிக்கும். எப்பவாச்சும்தான் நடக்கும், அதனாலதான் கண்டுபிடிக்கிறதும் கஷ்டம்.

பணகுடிக்காத்து
இவ்வளவும் பேசுதீய, ஹீட்சிங்கை ஒருத்தரும் கழட்டிப் பாக்கச் சொல்லல.

ஜங்ஷன்_பையன்
நோ சச் டிவைஸ்தான் வருது. கெர்னல் செய்தி காட்டுற டிமெசேஜ்ல அன்சப்போர்டட் சிப்னு ஒரு வரி.

தென்காசிச்சாரல்
அப்போ லாக்ஸ் பேச்சு முடிஞ்சுது. ரெண்டு வழி இருக்கு.

சட்டுன்னு பாக்கணும்னா மோட்ப்ரோப் ஐடி87க்குப் பின்னால ஃபோர்ஸ்-ஐடி 0எக்ஸ்8628னு குடும். பக்கத்துச் சிப்புன்னு டிரைவரை ஏமாத்துற வேலை. ஃபேன் வந்துரும், ஆனா வோல்டேஜ் கணக்கை நம்பாதீரும். சரியா வந்தா இதையே ஆப்ஷன்ஸ் வரியா மோட்ப்ரோப் டாட் டி ஃபோல்டர்ல ஒரு கான்ஃப் ஃபைல்ல போட்டு, மாட்யூல் பேரை ஈடிசி மாட்யூல்ஸ் ஃபைல்லயும் சேரும்.

நிரந்தரமா வேணும்னா, 8686 தெரிஞ்ச ஐடி87 டிரைவர் கெர்னலுக்கு வெளிய தனியாக் கிடைக்கு. கெர்னல் ஹெடர்ஸ் போட்டுட்டு, கெர்னல் மாறுனாலும் டிரைவரைத் திரும்பக் கட்டித் தர்ற டிகேஎம்எஸ் வழியா ஏத்தணும். கையெழுத்து இல்லாத டிரைவரை விடாத செக்யூர் பூட் ஆன்ல இருந்தா "கீ வாஸ் ரிஜெக்டட்"னு நிக்கும். இன்ஸ்டால் பண்ணும்போது ஒரு பாஸ்வேர்ட் கேக்கும், மறந்துராதீரும். ரீபூட்ல நீலத்திரை வரும்போது 10 செகண்டுக்குள்ள ஒரு கீ அடிச்சு, என்ரோல் எம்ஓகே (நம்ம கையெழுத்துச் சாவியைச் சேக்குற மெனு) போய் அதே பாஸ்வேர்டைக் குடுக்கணும். சும்மா பாத்துக்கிட்டு இருந்தா அது பாட்டுக்கு பூட் ஆகிரும், திரும்பவும் முதல்ல இருந்து.

ஜங்ஷன்_பையன்
8628 போட்டேன், 3 ஃபேன் வந்துட்டு. ஒரு டெம்ப் -55னு காட்டுது. நன்றி எல்லாருக்கும்.

தென்காசிச்சாரல்
சிப்போட அந்தக் காலுல (பின்) சென்சாரே மாட்டலைன்னு அர்த்தம். சென்சார்ஸ்.டி ஃபோல்டர்ல ஃபைல் வச்சு அந்த டெம்பை இக்னோர் பண்ணிரும்.

பிடபிள்யூஎம்-கான்ஃபிக் இப்போ ஓடும். அது ஒவ்வொரு ஃபேனா நிறுத்தி நிறுத்திப் பாக்கும். வேற வேலை ஓடிக்கிட்டு இருக்கும்போது ஆரம்பிக்காதீரும். ரீபூட்டுக்கு அப்புறம், அந்த கான்ஃபிக்கை வச்சு ஃபேனை ஓட்டுற ஃபேன்கண்ட்ரோல், கான்ஃபிக் பழசுன்னு சொல்லி நின்னா, கெர்னல் சென்சாருக்குக் குடுக்குற ஹெச்டபிள்யூமான் நம்பர் மாறிருக்கும். திரும்ப ஒருக்க கான்ஃபிக் ஓட்டும்.

அம்பைலினக்ஸ்
கத்துறது நின்னுச்சா இல்லையா, அதச் சொல்லலியே?

பணகுடிக்காத்து
நின்னுருக்காது. தூசி.