புதுப்பிப்பு: சிக்னல் கிடைத்த பிறகு ப்ரோப்பும் தோண்டுதலும்

பனிச்சரிவில் புதைந்தவரை ட்ரான்ஸ்சீவரால் (ஒவ்வொருவரும் உடலில் அணியும், சிக்னல் அனுப்பவும் பெறவும் உதவும் சிறு கருவி) தேடுவது பற்றிய முந்தைய இழையைப் படித்து, காஷ்மீரில் குல்மார்க்கின் அபர்வத் மலைச் சரிவுகளுக்குப் போகும் சிலர் "சிக்னல் நெருங்கியபின் என்ன?" என்று கேட்டிருந்தீர்கள்.

கடைசி 3 மீட்டரில் வேகத்தைக் குறையுங்கள். கருவியைப் பனியை ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகர்த்துங்கள். மிகக் குறைந்த எண் (தூரம்) காட்டும் இடத்திலிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருள்வட்டமாக ப்ரோப்பைக் (பனிக்குள் ஆளைத் தேட உதவும் நீளக் கம்பி) குத்துங்கள். சரிவின் பரப்புக்குச் செங்குத்தாகக் குத்த வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். ஆள் தட்டுப்பட்டால் ப்ரோப்பை உருவாதீர்கள், அதுவே வழிகாட்டி.

அதிக நேரத்தை விழுங்குவது தோண்டுதல். நேர் மேலிருந்து தோண்டினால் புதைந்தவரின் மூச்சுவெளி நசுங்கும். ஆழம் 1 மீட்டர் என்றால், சரிவில் சுமார் 1.5 மீட்டர் கீழே தள்ளி நின்று, அவரை நோக்கிக் குடைந்து வாருங்கள். பனியைத் தூக்கி எறியாமல் துடுப்பு வலிப்பதுபோலப் பின்னுக்குத் தள்ளுங்கள். முன்னால் வெட்டுபவரை அடிக்கடி மாற்றுங்கள். சரிந்து நின்ற பனி கெட்டியாக இறுகிவிடும், பிளாஸ்டிக் ஷவல் உடையும், அலுமினியம்தான் வேண்டும். முகம் தெரிந்ததும் முதலில் வாய், மூக்கு, பிறகு நெஞ்சின்மேல் உள்ள பாரம்.

இன்னொன்று: தேடும்போது கைபேசி ட்ரான்ஸ்சீவரிலிருந்து 50 செ.மீ. தள்ளியிருக்கட்டும். அணைத்துவிட்டால் இன்னும் நல்லது.