குறிப்பேடும் விலக்குக் குறிப்பும்: 'ஜர்னல்' என்பதற்குத் தமிழ்ச் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை உட்லண்ட்ஸ் வகுப்பில் கொடுக்க வேண்டிய பாடக்குறிப்பு, 'ஜர்னல்' (journal: கோப்பு முறைமை தான் செய்யவிருக்கும் மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் இடம்), அதிலுள்ள 'ரிவோக்' பதிவு (revoke record) ஆகிய இரண்டுக்குமான தமிழ்ச் சொற்களுக்காக அச்சுக்குப் போகாமல் நிற்பதால், நான்கு நாள் மடல்களையும் மீண்டும் படித்துவிட்டு எழுதுகிறேன்.

மாணவர்கள் பயிற்சிக்காக எழுதிய கோப்பு முறைமையில் (file system: வட்டில் கோப்புகளை ஒழுங்காக வைக்கும் மென்பொருள்) அவர்களே கண்டுபிடித்த பிழை இது. ஒரு கோப்புறையை அழித்ததும், அது இருந்த வட்டுத் துண்டம் (block) புதிய கோப்பு ஒன்றுக்குத் தரப்பட்டது. அக்கோப்பின் உள்ளடக்கம் ஜர்னல் வழியே செல்லாமல் நேரே வட்டுக்குப் போனது. மின்தடைக்குப் பின் கணினியைத் தொடங்கியபோது, ஜர்னலில் எஞ்சியிருந்த பழைய கோப்புறைப் பதிவு அதே துண்டத்தின்மீது மறுபடி எழுதப்பட்டுப் புதிய கோப்பைச் சிதைத்துவிட்டது. 2001ஆம் ஆண்டு லினக்ஸ் 2.4.15இல் சேர்ந்த எக்ஸ்ட்3 (ext3) என்னும் கோப்பு முறைமை, 'இத்துண்டத்துக்கான முந்தைய பதிவுகளை மீட்பின்போது எழுதாதே' என்னும் தனிப் பதிவை ஜர்னலிலேயே வைத்து இதைத் தடுக்கிறது. மாணவர்களும் அவ்வாறே செய்து பிழையை நீக்கினார்கள். (துண்டத்தைத் 'தொகுதி' என்று எழுதச் சொன்னவருக்கு: இங்குள்ள பிள்ளைகளுக்குத் தொகுதி என்றால் தேர்தல்தான் நினைவுக்கு வரும்.)

ஜர்னலுக்கு 'நாளேடு' என்பதே வேர்ப்பொருளுக்கு நேர்மையானது என்கிறார் மூத்த நண்பர். அச்சொல்லின் இலத்தீன் வேரில் நாள் இருப்பது உண்மையே. ஆனால் எக்ஸ்ட்3 இயல்பாக 5 வினாடிக்கு ஒருமுறை பதிவுகளை உறுதிசெய்கிறது. நாளுக்கு அங்கே இடமில்லை. சிங்கப்பூரில் நாளேடு என்றால் 1935 முதல் வரும் தமிழ் முரசுதான். கணக்குப் பதிவியலிலோ நடவடிக்கை முதலில் குறிப்பேட்டில் ஏறி, பிறகு பேரேட்டுக்கு எடுத்தெழுதப்படுகிறது. கோப்பு முறைமை செய்வதும் அதுவே. பேரேடும் ஐந்தொகையும் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளில் புழங்கிய சொற்கள். அந்தக் குடும்பத்துச் சொல் கையிலிருக்கும்போது புதிதாக ஒன்றைச் செதுக்க எனக்கு மனமில்லை. மாணவர்கள் குறிப்பேட்டைப் பள்ளி நோட்டாக எண்ணுவார்கள் என்னும் ஐயம் நியாயமானது. முதல் இடத்தில் 'கோப்பு முறைமைக் குறிப்பேடு' என்று முழுமையாக எழுதுகிறேன். இதற்குப் பெரும்பாலோர் இசைந்துவிட்டீர்கள்.

இரண்டாவது சொல்தான், அதாவது பழைய பதிவுகளை எழுதாதே என்னும் அந்தத் தனிப் பதிவுக்கான பெயர்தான், கடினம். தொல்காப்பியத்தில் 'வரைநிலை இன்றே' என்றால் விலக்கப்படுவதில்லை என்பது பொருளாதலால் 'வரைவுப் பதிவு' எனலாம் என்ற மடலை மிகவும் விரும்பிப் படித்தேன். வரைதல் என்னும் ஒரே சொல் எழுதுவதையும் விலக்குவதையும் மணம் புரிவதையும் குறிப்பது நம் மொழியின் அழகுதான். ஆயினும் இன்றைய மாணவர் 'வரைவு' என்றதும் சட்ட வரைவைத்தான் நினைப்பார், முடிவாகாத பதிவு என்று பிழையாகவும் கொள்வார். கணக்கில் முந்தைய பதிவை ஈடுகட்ட எழுதும் 'எதிர்ப்பதிவு' என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை, ஏனெனில் இங்கே முந்தைய பதிவை எதுவும் ஈடுகட்டுவதில்லை. மீட்பிலிருந்து அது விலக்கப்படுகிறது, அவ்வளவே. வரிவிலக்கில் உள்ள விலக்குதான் இது. ஆகவே 'விலக்குக் குறிப்பு' என்று எழுதியிருக்கிறேன்.

இதை நால்வர் ஏற்கவில்லை என்பதை அறிவேன். எதிர்ப்பதிவை ஆதரிப்பவர்கள், மேலே சொன்ன கோப்புறையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு அச்சொல் பொருந்துவதை விளக்கினால், சனிக்கிழமை மாலை வரை மாற்றிக்கொள்ள அணியமாக இருக்கிறேன்.