மாங்கூழ் ஆலை நெட்வொர்க்: வி-லேனா, தனித்தனி சுவிட்சா?

மாந்தோப்பு:
கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. ஆபீசில் 18 கம்ப்யூட்டர், 24 ஐபி கேமரா, பாய்லருக்கும் ஃபில்லிங் லைனுக்கும் 2 பிஎல்சி (மெஷினை ஓட்டும் சின்ன கன்ட்ரோல் கம்ப்யூட்டர்), கேட் ஓரம் எடைமேடை. டேலி சர்வர் உட்பட எல்லாம் ஒரே 192.168.1 வரிசையில் கிடக்கிறது. சீசனுக்கு முன் பிரிக்க வேண்டும். எப்படி? ஒரே சுவிட்சுக்குள் எண் கொடுத்துப் பல நெட்வொர்க்காகப் பிரிக்கும் வி-லேனா, தனித்தனி சுவிட்சா?

கேபிள்காரன்:
தனித்தனி சுவிட்ச்தாங்க. கேமராவுக்கு 24 போர்ட் பிஓஇ (நெட்வொர்க் கேபிள்லயே கரண்ட்டும் போகும்) ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு, பிஎல்சிக்கு 8 போர்ட் ஒண்ணு. மூணையும் ஃபயர்வால்ல (எது எங்க போகலாம்னு பார்த்து விடுற பெட்டி) வேற வேற போர்ட்ல செருகுங்க. ராத்திரி ஷிஃப்ட்ல சுவிட்ச் செத்தா எலக்ட்ரீஷியனே வேற மாட்டிடுவார். வி-லேன் சுவிட்ச் செத்தா கான்ஃபிக் யார்கிட்ட இருக்கு? அதுவரைக்கும் பழ லாரி வெயில்ல நிக்குமா?

தீச்சுவர்:
தனிச் சுவிட்ச் எத்தனை நாள் தனியாக இருக்கும்? "என் பிசியில் கேமரா தெரியலை" என்று யாரோ இரண்டையும் ஒரு பேட்ச் கார்டால் இணைத்தால் தீர்ந்தது. விளக்கு பச்சையாகத்தான் எரியும், ஒருவருக்கும் தெரியாது. கேட் எவ்வளவு தூரம்? 100 மீட்டர் தாண்டினால் காப்பர் உதவாது, ஃபைபர்தான். மின்னலுக்கும் அதுவே நல்லது. வி-லேன் என்றால் எடைமேடை பிசியும் அங்குள்ள கேமராவும் ஒரே டிரங்கில் (பல வி-லேனைச் சுமக்கும் ஒரே இணைப்பு) வந்துவிடும்.

கேபிள்காரன்:
6 இழை ஃபைபர் போட்டா மூணு ஜோடி கிடைக்குது, டிரங்க் எதுக்கு? வி-லேன் போட்டாச்சுன்னு சொல்றவங்க லேயர்-3 சுவிட்ச்ல ரூட்டிங்கை (ஒரு வி-லேன்ல இருந்து இன்னொண்ணுக்குப் போற வழி) ஆன் பண்ணிட்டு ஏசிஎல் (யார் எங்க போகலாம்ங்கிற விதி) எழுதாம விட்டா, கேமரா பக்கத்துல இருந்து சர்வரோட 445 போர்ட் (விண்டோஸ் ஃபைல் ஷேரிங்) வரைக்கும் நேர் ரோடு. 2017-ல வானாக்ரைங்கிற ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்குற வைரஸ்) பரவினது அந்த 445 வழியாத்தான்.

தீச்சுவர்:
அதனால்தான் ரூட்டிங் ஃபயர்வாலில் மட்டும். வி-லேன் எண் 10 ஆபீஸ், 20 கேமரா, 30 சர்வர். காலி போர்ட்டெல்லாம் 99-ல் போட்டு அணைத்துவிட வேண்டும். டிரங்கில் 10, 20, 30 மட்டும். 10-லிருந்து 30-க்கு 445 போர்ட்டும் டேலி லைசென்சுக்கு 9999-உம் மட்டும் திறந்திருக்கும். கடைசி விதி, மற்றதெல்லாம் மறுப்பு. கேமராவுக்கு இன்டர்நெட்டே கூடாது, நேரத்தை ஃபயர்வாலிடம் வாங்கிக்கொள்ளட்டும். முதலாளி வெளியிலிருந்து பார்க்க வயர்கார்ட் விபிஎன் (பூட்டிய தனி வழி). போர்ட் ஃபார்வேர்டு (வெளியிலிருந்து கேமராவுக்கு நேர் வழி) வைத்தால் 2016-ல் மிராய் மால்வேர் நுழைந்த கதைதான்: கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்கள்.

பாரூர்_ஏரி:
445-ஐத் திட்டிவிட்டு அதையே திறந்தும் வைக்கிறீர்கள். ஆபீஸ் பிசி ஒன்றில் ரான்சம்வேர் விழுந்தால், எழுதும் உரிமை உள்ள டேலி ஃபோல்டரை உங்கள் விதியின் வழியாகவே பூட்டிவிடும். சுவிட்ச் சண்டைக்கு முன் பேக்கப்: இரண்டு யூஎஸ்பி டிஸ்க், நாள் மாற்றி நாள், நகல் முடிந்ததும் கழற்றி பீரோவில். பிஎல்சி விஷயத்தில் கேபிள்காரன் பக்கம்தான் நான். பிஎல்சி பேசும் சாதா மோட்பஸில் (502 போர்ட்) பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது, யார் எழுதினாலும் கேட்கும். அதற்குத் தனிச் சுவிட்ச், ஆபீசிலிருந்து ஒரு பாக்கெட்டும் போகக்கூடாது.

கேபிள்காரன்:
அப்புறம் பிஎல்சி சப்ளையர் ரிமோட்ல வரணும்னு நிப்பார், பாருங்க.

தீச்சுவர்:
அவருக்குத் தனி விபிஎன் கணக்கு. வேலை நாளில் திறந்து, முடிந்ததும் மூடுங்கள். செத்த சுவிட்சுக்கு அதே மாடலில் இன்னொன்று, கான்ஃபிக் ஏற்றி ரேக்கிலேயே.

மாந்தோப்பு:
கேட் 210 மீட்டர். 6 இழை சிங்கிள் மோடு ஃபைபருக்கு விலை கேட்டிருக்கிறேன்.

கேபிள்காரன்:
ஸ்பேர் சுவிட்சையும் சேர்த்துக் கேளுங்க. அதைத்தான் முதல்ல வெட்டுவாங்க.