கிறிஸ்துவோடு ஒட்டி நிற்க உங்களுக்குக் கை கொடுத்தது எது?

தொடங்கியவர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நம்மில் பலருக்கு ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் எல்லாம் ஒரே கோயிலில்தான். கோயில் சந்தாவான சங்கமும் பாக்கியில்லாமல் கட்டுகிறோம். ஆனால் யோவான் சுவிசேஷம் 15-இல் ‘என்னில் நிலைத்திருங்கள்’ என்று ஆண்டவர் கேட்கிற நிலைத்திருத்தல் சங்க ரசீதோடு வருவதில்லையே. மனசு வறண்டு கிடந்த காலத்தில் உங்களைப் பிடித்து நிறுத்தியது எது? பிரசங்கம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

சேகரக் கமிட்டியில் இருந்தவர்:
பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தில் கமிட்டித் தேர்தல் வந்தால் கோயில் இரண்டாகிவிடும். (சிஎஸ்ஐக்காரர்கள், அதாவது தென்னிந்திய திருச்சபைக்காரர்கள், சிரிப்பீர்கள், உங்கள் ஊரிலும் அதே கதைதான்.) அந்த முறை எதிரணியில் நின்றவர் எங்கள் தெருக்காரர். ஞாயிறு பள்ளிக்கு ஒன்றாகப் போனவர்கள் நாங்கள். ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளில் எல்லாம், கட்டட நிதியில் கை வைத்தவன் என்று என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கணக்குத் தணிக்கை நடந்தது, ஒரு பைசா குறையவில்லை. ஆனாலும் கிளம்பின பேச்சு கிளம்பினதுதான். ஜெபிக்க உட்கார்ந்தால் அவர் முகம் வந்து நிற்கும். சங்கீதத்தில் சத்துருக்களைப் பற்றிய பகுதிகளை மட்டும் உருக்கமாக வாசிக்க முடிந்தது!

தேர்தல் முடிந்து வந்த திருவிருந்து ஆராதனை, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நாள். நம் முறையில் சமாதானம் கொடுப்பது உண்டல்லவா. 1947-இல் தென்னிந்திய திருச்சபை உருவானபின், 1950-இல் வந்த திருவிருந்து ஒழுங்கிலேயே அது இருக்கிறது. பீடத்தில் ஐயர் (எங்கள் போதகர்) கொடுப்பது கை கை மாறி கடைசி பெஞ்சு வரை வரும். கூப்பிய கைகளுக்கு நடுவே வாங்கி, அப்படியே பக்கத்தில் இருப்பவருக்கு. அன்று கூட்டம் அதிகம், கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன். சமாதானம் எனக்கு அவரிடமிருந்துதான் வர வேண்டியிருந்தது. கொடுத்தார். கை வியர்த்துப் பிசுபிசுவென்று இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எனக்கு இந்தப் பக்கம் ஒரு பையன் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான், கொடுத்தேன். பீடத்தின் முன் முழங்காலில் நிற்கும்போதும் பக்கத்தில் அவரே. ஒரே பாத்திரம். அவர் வாய் வைத்த விளிம்பை ஐயர் துணியால் துடைத்து, பாத்திரத்தைச் சற்றுத் திருப்பி எனக்கு நீட்டினார்.

அதற்காக நாங்கள் கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. இன்றைக்கும் பேச்சு வார்த்தை அளவோடுதான். ஆனால் அன்று ராத்திரி ஜெபத்தில் அவர் பேரைச் சொல்ல முடிந்தது, புகார் சொல்லாமல். ஆராதனையை வீட்டிலிருந்து போனில் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. ஆண்டவர் என்னிடம் வருகிற வழியில் அந்த மனுஷனையும் உட்கார வைத்திருக்கிறார், என்ன செய்ய?

சார்ஜாவிலிருந்து:
அண்ணன் சொல்வது சரி. கோயிலுக்கே போக முடியாதவன் என்ன செய்வான்? இங்கே முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைதான் ஆராதனை. 2022-இல் அரசாங்கம் வார விடுமுறையை மாற்றியது. என் ஷிப்டு எதற்கும் ஒத்துவரவில்லை. ஊரில் எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம், அது இங்கே ஏழு மணி. கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருப்பேன். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைப்பாள். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு வசனம் வாசிப்பார்கள். நேபுகாத்நேச்சார் என்கிற ராஜாவின் பேர் வந்தால் சின்னவள் திக்குவாள், பெரியவன் சிரிப்பான், அடி விழும் சத்தமும் கேட்கும். முடிவு ஜெபம் என்னுடையது. பக்கத்து சீட்டில் பெஷாவர்க்காரர் ஒருவர். நான் கண்ணை மூடினால் தன் போனில் ஓடுகிற பாட்டை நிறுத்திவிடுவார்.

ரிட்டயர்டு டீச்சர், பாளையங்கோட்டை:
தம்பி, குடும்ப ஜெபம் நிற்காதவரை பயமில்லை. என் வீட்டில் நான் ஒருத்திதான், எனக்குக் கைப்பிடி அரிசி. சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்: உலைக்கு அரிசி அளந்ததும் அதில் ஒரு பிடி எடுத்து, ஜெபித்து, தனி டப்பாவில் போட வேண்டும். மாதம் முடிந்தால் கோயிலில் சேர்க்க வேண்டும். என் அம்மா போடும்போதெல்லாம் டோர்னக்கலுக்காக ஜெபிப்பாள். 1903-இல் எங்கள் ஊரில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் தெலுங்கு தேசத்தில் ஊழியம் செய்த இடம் அது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயா 1912-இல் அங்கே பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அம்மா மதுரையைத் தாண்டினதில்லை. டோர்னக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

இப்போது நான் வைக்கிற சோற்றுக்கு ஒரு பிடி எடுத்தால் எனக்கு மிஞ்சாது, மூன்று விரலால் எடுக்கிறேன். யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லாமல் போடுவதில்லை. மனசு வெறுமையாக இருக்கிற நாளிலும் பசிக்குமே, உலை வைக்கணுமே. அதனால் ஜெபமும் தப்புவதில்லை.

தொடங்கியவர்:
டீச்சரம்மா, இதை நம் வீட்டிலும் ஆரம்பிக்கலாம் என்று மனைவி சொல்கிறாள். மாதம் முழுக்க டப்பாவில் இருந்தால் வண்டு வராதா?

ரிட்டயர்டு டீச்சர்:
இரண்டு வத்தல் மிளகாய் போட்டு வையுங்கள். கோயிலில் கொடுக்கும் முன்னால் அதை மறக்காமல் எடுத்துவிடுங்கள், அங்கே அந்த அரிசியை ஏலத்தில் எடுக்கிறவர் சத்தம் போடுவார்.