புயலுக்கு முன் வள்ளத்தை மாற்ற வேண்டும், எஞ்சின் பாதியில் நிற்கிறது

பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள். விடிகாலையில் வாடை சில்லென்று அடிக்கிறது, என் ஃபைபர் வள்ளமோ இன்னும் வடகடலில்தான் (பாக் நீரிணைப் பக்கம்) கிடக்கிறது. காற்று வலுக்கும் முன் பாலத்துக்கு அடியில் கொண்டுபோய்த் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கட்டியாக வேண்டும்.

9.9 குதிரைத்திறன், இரண்டு ஸ்ட்ரோக், மண்ணெண்ணெய் அவுட்போர்டு (வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்). வாங்கி ஆறு வருஷம். நாலு நாளாக இதே கதை: இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகும், ஐந்து நிமிஷம் நன்றாக ஓடும், வேகம் கொடுத்ததும் மூச்சு வாங்கி அணைந்துவிடும். டேங்கிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெய் போகும் டியூபில் இருக்கும் ரப்பர் பல்பைக் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தால் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. பெட்ரோலில் ஓட்டினாலும் அப்படியேதான். குளிர்விக்கும் தண்ணீர் சரியாகவே பீய்ச்சுகிறது.

பிளக் இரண்டையும் புதிதாகப் போட்டேன், ஃபில்டர் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் பார்த்துவிட்டேன், அடைப்பில்லை. மெக்கானிக் ஊரில் இல்லை, வர மூன்று நாள் ஆகுமாம்.

கரையில் இழுத்துப் போடு என்பீர்கள். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது அப்படித்தான் போட்டேன், அடியில் மணல் அரித்து வள்ளம் சாய்ந்து பக்கப்பலகை பிளந்தது. அப்புறம் அந்த யோசனையே வேண்டாம் என்றாகிவிட்டது.

இது எண்ணெய் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) போனதா, டியூப் எங்காவது காற்று இழுக்கிறதா என்று கரையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?